பந்து ஏன் நிற்கிறது?

மைக் டீச்சர் என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. சாதாரணப் பள்ளிக்கூடமாக இருந்தால் அரை நாளில் கண்டுபிடித்திருப்பார். கடைசி பெஞ்சில் யார் முகம் ரொம்பச் சாதுவாக இருக்கிறதோ அவன்தான் வைத்திருப்பான். இணையப் பள்ளியில் ஏது பெஞ்ச், ஏது முகம்? வகுப்பு தொடங்கியதும், "மைக்க ஆன் பண்ணுங்கப்பா, ஒரு ஆளாவது 'ம்' கொட்டுங்கப்பா" என்று கெஞ்சுவார். கெஞ்சிக் கெஞ்சி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது ஒட்டட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

அடுக்குமாடி வீட்டில் துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசை. அதுதான் பள்ளிக்கூடம். காலையில் தலை வாரி, வெளியே புறப்படுகிறவரைப் போல உடுத்திக்கொண்டு அவர் கேமரா முன் உட்காருவார். அவர் முகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவருக்குத் தெரிவதெல்லாம் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆம்புலன்ஸ் ஓட்டும் அவர் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து டீ போட்டுக்கொண்டே, "என்ன டீச்சரே, சுவத்தோட பேசி முடிச்சாச்சா?" என்பார்.

"சுவராவது எதிரொலிக்கும்ங்க," என்பார் டீச்சர்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்த ஏக்கம் நிஜம். பழைய வேலையில், விடைத்தாளைத் திருத்துவதற்கு முன்பே முகத்தைத் திருத்திவிடுவார். எவனுக்குப் புரிந்தது, எவள் புரிந்ததுபோல் தலையாட்டுகிறாள் என்பதெல்லாம் சாக்குக்கட்டியைக் கீழே வைப்பதற்குள் தெரிந்துவிடும். முழங்கால் மாடிப்படியை மறுத்துவிட்டதால் இந்த வேலைக்கு வந்தார். இங்கே முகத்துக்குப் பதில் நிறம். பாடத்தைச் செய்துகொண்டிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, சுணங்கினால் மஞ்சள், நின்றுவிட்டால் சிவப்பு. சிவப்பு நீண்டால் மாணவரின் இணையக் கணக்கையே மூடிவிடுவார்கள். அந்த மாணவருக்கு அந்த வருடம் போனதுதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெற்றோருக்கு ரிப்போர்ட் போக வேண்டும். எழுதச் சோம்பல்படுகிற ஆசிரியர்களுக்காகக் கணினியிலேயே வாக்கியங்கள் தயாராக இருக்கும். 'நல்ல முன்னேற்றம், மேலும் முயற்சி தேவை' என்று ஒன்றைத் தட்டினால் போதும். மைக் டீச்சர் அதைத் தொடவே மாட்டார். "இது எல்லார் தலைக்கும் பொருந்துற தொப்பி. அப்புறம் நான் எதுக்கு?" என்று ஒருங்கிணைப்பாளரிடமே கேட்டிருக்கிறார். பாவம், அந்தத் தம்பி நல்ல பையன். "உங்க இஷ்டம் மேடம், ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க" என்று மட்டும் சொல்வான்.

அந்த வருடம் இயற்பியல் எடுத்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி இருந்தாள். டீச்சர் மனதுக்குள் அவளுக்கு 'போதுமா' என்று பெயர் வைத்திருந்தார். கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதி, கடைசியில் 'போதுமா?' என்று கேட்டு முடிப்பாள். ஓடும் பஸ் சட்டென்று நின்றால் பயணிகள் ஏன் முன்னால் சாய்கிறார்கள் என்று கேட்டதற்கு அவள் எழுதியது இதுதான்: 'பஸ் நின்றது காலுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. போதுமா?'

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். பத்துக்கு ஒன்பது போட்டு, விடை நீளம் போதவில்லை என்று ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார். மறுநாள் செய்திப் பெட்டியில் பதில் வந்தது: 'அந்த ஒரு மார்க்கை நீங்களே வச்சுக்கோங்க டீச்சர்.'

அதற்குப் பிறகு கறுப்புக் கட்டங்களில் ஒன்றுக்கு மட்டும் உயிர் வந்துவிட்டது. குரலைக் கேட்டதில்லை, முகத்தைப் பார்த்ததில்லை. கீச்சுக்குரலாக இருக்கும், முடியைக் குட்டையாக வெட்டியிருப்பாள், உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள் என்று டீச்சர் தானாக ஒரு பெண்ணைக் கட்டி வைத்துக்கொண்டார். பாடம் நடத்தும்போது கண் அந்தக் கட்டத்துக்கே போகும்.

அப்புறம் ஒரு நாள் அந்தக் கட்டம் வகுப்பில் இல்லை. மஞ்சளானது, சிவப்பானது. 'எங்கேம்மா போனாய்?' என்று டீச்சர் எழுதிய செய்திகள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. தினமும் காலையில் வேறெதைத் திறப்பதற்கு முன்பும் செய்திப் பெட்டியைத் திறந்து பார்த்தார். பெற்ற பிள்ளையா, வளர்த்த பிள்ளையா, எதற்கு இந்தத் தவிப்பு என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.  அவள் இல்லாமல் வகுப்பு வெறிச்சோடிக் கிடந்தது, அவ்வளவுதான்.

சிவப்பு ஒரு திங்கட்கிழமை பச்சையானது.

டீச்சர் ஆவலோடு விடைகளைத் திறந்தார். முதல் கேள்வி, உருளும் பந்து ஏன் சிறிது தூரம் போய் நின்றுவிடுகிறது? விடை இரண்டு பக்கம். பந்தின் பயன்கள், பந்து விளையாட்டினால் உடலுக்கு ஏற்படும் நன்மைகள் எல்லாம் எழுதி, 'வெகுதூரம் உருண்டு வந்த காரணத்தால் பந்துக்குக் களைப்பு உண்டாகிறது. ஆகவே அது நிற்கிறது' என்று முடித்து, அடியில் 'போதுமா?' என்று கேட்டிருந்தது.

போதும் போதும் என்று ஆகிவிட்டது டீச்சருக்கு. அடுத்த விடையும் அதே லட்சணம்தான். ஒவ்வொரு வாரமும் சொன்ன நாளுக்கு முன்பே வேலை வந்தது. ஓர் இடத்திலும் எழுத்துப் பிழை இல்லை. சரியான விடையும் இல்லை. முன்னால் மூளை இருந்தது, உழைப்பு இல்லை. இப்போது உழைப்பு இருக்கிறது, மூளையைக் காணோம். ஒரு பெண் ஒரு மாதத்தில் இப்படித் தலைகீழாக மாறினால் அவளுக்கு என்னவோ நடந்திருக்க வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்தார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஆசிரியர் மாணவரைக் கூப்பிட்டு, எழுதியதைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்வார். அதற்கு வாய்மொழி என்று பெயர். அது முடியாமல் மதிப்பெண் பதிவாகாது. டீச்சர் பதிவில் இருந்த எண்ணைக் கூப்பிட்டார். அது அப்பாவின் எண். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை என்று விண்ணப்பத்தில் போட்டிருந்தது. முதல் தடவை, பிள்ளை குளிக்கிறாள் என்றார். இரண்டாம் தடவை, தூங்குகிறாள் என்றார். மூன்றாம் தடவை டீச்சர் விடுவதாக இல்லை.

"அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு டீச்சரம்மா. பேச்சே வரல. நீங்க கேளுங்க, அவ என் காதுல சொல்றத நான் அப்படியே சொல்லிடறேன்."

டீச்சருக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "சரி, கேளுங்க. எடைன்னா என்ன?"

 பின்னால் ஓர் இயந்திரம் தடதடவென்று ஓடும் சத்தம். "எடைங்கிறது... அவ சொல்றா... ஒரு பொருள் எவ்வளவு கனமா இருக்குதோ அதுதான் எடைன்னு சொல்றா."

"கனம்னா என்னன்னு கேளுங்க."

"கனம்னா... எடை அதிகமா இருக்கறதுன்னு சொல்றா டீச்சரம்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளை டீச்சர் எத்தனையோ பார்த்திருக்கிறார். இந்த மனிதருக்குச் சோறு கூடக் கையில் இல்லை. திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி.

"சார், இப்ப உங்க பக்கத்துல நிக்கிறாளே, என்ன கலர் சட்டை போட்டிருக்கா?"

இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும்.

"தெரியாதும்மா," என்றார் அவர். "போகும்போது நீலம் போட்டிருந்தா."

பிறகு எல்லாம் வந்தது. வீட்டில் சண்டை, புருஷன் பெண்டாட்டி பிரிவு. பெண் அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகிறபோது அவரிடம் பேசவில்லை. அம்மாவும் பெண்ணும் ஃபோன் எண்ணை மாற்றிவிட்டார்கள். ஊர் பெயர் தெரியும், தெரு தெரியாது.

"இந்தக் கோர்ஸ்ல சேத்தது நான்தான். ரிப்போர்ட் எனக்குத்தான் வரும். அவ போனப்புறமும் கொஞ்ச நாள் வந்துச்சும்மா. 'வேலையை முடித்தாள், விடையில் குறும்பு இருக்கிறது, ரசித்தேன்'னு நீங்க எழுதியிருந்தீங்க. அத எத்தன தடவ படிச்சேன்னு எனக்கே தெரியாது. பொண்ணு நல்லா இருக்கா, குறும்பா இருக்கா, அது போதும்னு இருந்தேன். அப்புறம் செவப்பாயிடுச்சு. மூடிடுவோம்னு பள்ளிக்கூடத்துலேருந்து மெசேஜ் வந்துச்சு. அவ உக்காந்து படிச்ச கம்ப்யூட்டர் இங்கதான் கெடக்கு, திறந்தா நேரா அவ பக்கத்துக்கே போகுது. அதான் நானே..." மூக்கை உறிஞ்சினார். "அவ பாணியிலதாம்மா எழுதினேன். கடைசியில போதுமான்னு கூடப் போட்டேனே."

"அதை ஒரு வரி எழுதிட்டுக் கேக்கணும் சார். ரெண்டு பக்கம் எழுதிட்டுக் கேக்கக் கூடாது," என்றார் டீச்சர். 

"மூடிடாதீங்கம்மா. செவப்பாவே கெடக்கட்டும். மூடிட்டா எனக்கு அவளப்பத்தி ஒரு வார்த்தை கூட வராது."

டீச்சர் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் அவரால் முடியாது. இனிமேல் நீங்கள் ஒரு வரி எழுதக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டு, வழக்கம்போல அந்தச் செய்திப் பெட்டியைத் திறந்தார். காணாமல் போன ஒரு பெண்ணுக்காகத் தான் மட்டும்தான் தினமும் ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தார்.

ஒருங்கிணைப்பாளரிடம் மறைக்கவில்லை. அந்தத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டதைத் திரையில் பார்த்தார். அவன் மட்டும் கேமராவை அணைப்பதில்லை. "மேடம், அடுத்தவங்க எழுதிக் குடுத்தா அது அந்தப் பொண்ணு பேர்ல குத்தமா பதிவாகும். ரூல் அப்படி."

"அவ கேக்காத உதவிக்கு அவ எப்படி தம்பி பொறுப்பு? நான் மார்க் போடல. வேலையைத் திருப்பி அனுப்பறேன். வாய்மொழிக்கு அவ வரட்டும், வந்தா அவளே சொல்லட்டும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா மூடிடுங்க," என்றார் டீச்சர். 

பருவ முடிவு ரிப்போர்ட் வரைக்கும் அவன் தவணை கொடுத்தான். டீச்சர் அந்த இரண்டு பக்க விடையை எடுத்தார். சிவப்பு வட்டம் ஒன்று கூடப் போடவில்லை. திருப்பி அனுப்பும் குறிப்பில் எழுதினார்: 'இது உன் விடை இல்லை என்று எனக்குத் தெரியும். உன் அப்பா எழுதியது. அவர் ரிப்போர்ட்டுக்காக எழுதினார். அதில் மட்டும்தான் உன்னைப் பற்றி அவருக்குத் தகவல் வருகிறது. விடை முழுக்கத் தப்பு. உனக்கு நான் தரும் வேலை இதுதான்: பந்து ஏன் நிற்கிறது என்று இதை எழுதியவருக்குப் புரியும்படி விளக்கு. உனக்குத் தொண்டை கட்டியிருப்பதாக அவர் சொன்னார். சரியாகிவிட்டால் வாய்மொழிக்கு வா. பெரியவர் ஒருவர் உடன் இருந்து கேட்கலாம் என்பது விதி. அவரையும் அழைக்கலாமா என்று சொல்.'

அனுப்பியாகிவிட்டது. பிறகு காத்திருப்பு. அப்பாவுக்குப் போக வேண்டிய ரிப்போர்ட்டில் பொய் எழுத முடியாது. 'உங்கள் மகள் இப்போது பாடத்தில் இல்லை. அவள் வருவாள் என்று நானும் எதிர்பார்த்திருக்கிறேன்' என்று எழுதினார். அந்த 'நானும்' இல்லாமல் அனுப்பியிருக்கலாம்தான். அனுப்பவில்லை.

"இதுல உனக்கு எதுக்கும்மா இவ்வளவு?" என்றார் வீட்டுக்காரர். வண்டியில் தினமும் எவ்வளவோ பார்க்கிற மனிதர். சட்டென்று கலங்க மாட்டார். "கதவைத் தட்டற வரைக்கும்தான் நம்ம வேலை. தொறக்கறது அவங்க."

"நீங்க தட்டிட்டுத் திரும்பி வந்திருக்கீங்களா என்னிக்காவது?"

வீட்டுக்காரர் டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மஞ்சள், சிவப்பு. வாரம் ஓடியது. மற்ற பிள்ளைகளின் விடைகளை டீச்சர் திருத்தினார், மற்ற வீடுகளுக்கு ரிப்போர்ட் எழுதினார். ஒரு பையனின் அம்மாவிடம், "சட்டியில இருந்தாத்தானேம்மா அகப்பையில வரும், படிக்காம மார்க் மட்டும் எப்படி வரும்?" என்று சண்டை கூடப் போட்டார். தவணை முடிய இருந்த காலை, பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தவர், பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அப்பாவின் இரண்டு பக்கத்துக்கும் ஓரத்தில் திருத்தம் போட்டிருந்தது. 'பந்தின் பயன்கள் யார் கேட்டார்கள்?' என்று ஓர் இடத்தில். 'கட்டுரைப் போட்டிக்கு வந்தீர்களா?' என்று ஓர் இடத்தில். கடைசியில் விளக்கம்:

'அப்பா, பந்து களைப்பில் நிற்கவில்லை. தரை அதைப் பிடித்துப் பிடித்து நிறுத்துகிறது. யாருமே பிடிக்காவிட்டால் அது போய்க்கொண்டேதான் இருக்கும். போதுமா?'

அதற்குக் கீழே டீச்சருக்கு ஒரு குறிப்பு: 'ரிப்போர்ட் அவருக்குப் போகக் கூடாது என்றுதான் நிறுத்தினேன். சிவப்பைப் பார்த்தாவது தேடி வருவார் என்று நினைத்தேன். பார்த்தால் பச்சையாகிவிட்டது. வாய்மொழிக்கு வருகிறேன். அவர் இருக்கலாம். பேசக் கூடாது.'

டீச்சர் அழுதுகொண்டே அடுப்பைத் துடைத்தார்.

அன்று மாலை வாய்மொழி. திரையில் ஒரே ஒரு கறுப்புக் கட்டம். டீச்சரின் கேமரா எப்போதும் போல எரிந்துகொண்டிருந்தது. அப்பா அச்சகத்தின் காகிதக் கிடங்கிலிருந்து, எல்லாருக்கும் முன்பே வந்து சேர்ந்திருந்தார். "வந்துட்டாளா டீச்சரம்மா? வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வரப் போறா. சார், நீங்க உங்க மைக்க ஆஃப் பண்ணிடுங்க."

இணையப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து டீச்சர் வாயில் வராத வார்த்தை. அப்பாவின் கட்டத்தில் மைக் படத்தின் மேல் குறுக்குக் கோடு விழுந்தது.

அவள் வந்தாள். குரல் கீச்சு இல்லை. கட்டையான, நிதானமான குரல், தூக்கத்திலிருந்து எழுந்து வந்ததைப் போல. கட்டி வைத்திருந்த பெண் ஒரே நொடியில் கலைந்து போனாள்; டீச்சருக்கு அதில் வருத்தமே இல்லை. பனிக்கட்டி மேல் உருட்டினால் பந்து என்ன ஆகும் என்று கேட்டார். ரொம்ப தூரம் போகும் என்றாள், ஏன் என்றும் சொன்னாள். எடைக்கும் நிறைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். சொன்னாள். ஒரு கணக்கு கொடுத்தார். மனதிலேயே போட்டு, "நாப்பது" என்றாள்.

"நாப்பது என்ன? ஆடா, மாடா?"

"நியூட்டன், டீச்சர்."

"கேட்டாத்தான் சொல்லுவியா? ஒரு மார்க் போச்சு."

"அதையும் நீங்களே வச்சுக்கோங்க."

டீச்சர் சிரித்தார். மதிப்பெண்ணைப் பதிந்தார். பெயருக்குப் பக்கத்தில் பச்சை வந்தது. இந்தத் தடவை அது அவளுடைய பச்சை. வேலை முடிந்துவிட்டது, இனி அழைப்பைத் துண்டிக்கலாம். ஆனால் அவள் போகவில்லை. அந்தக் கட்டம் அப்படியே இருந்தது.

"டீச்சர்."

"சொல்லும்மா."

"அவர் இருக்காரா?"

"ஆரம்பத்துலேருந்து இருக்கார்."

 அவள் இருக்கும் இடத்தில் எங்கோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"மைக்க ஆன் பண்ணச் சொல்லுங்க."

எத்தனை வருடமாகக் கெஞ்சிக் கெஞ்சிச் சொன்ன வார்த்தை.  "சார்," என்றார், "மைக்க ஆன் பண்ணுங்க."

குறுக்குக் கோடு மறைந்தது. மறுபடி விழுந்தது. அவசரத்தில் இரண்டு தடவை அழுத்தியிருப்பார். மீண்டும் மறைந்தது. இயந்திரம் ஓடும் சத்தம் தூரத்தில் கேட்டது. பக்கத்தில் ஒரு மனிதர் மூச்சு விடும் சத்தம். பேச்சு மட்டும் வரவில்லை. பேசுங்க சார், பேசுங்க என்று சொல்ல டீச்சருக்கு வாய் துறுதுறுத்தது. சொல்லிவிடுவோமோ என்று பயந்து, தன் மைக்கை அணைத்துக்கொண்டார்.

"என்னப்பா," என்றாள் அந்தப் பெண், "தொண்டை கட்டிக்கிச்சா?"